வெயில்காத்தான் சுவர்

சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. உதித்த பிறகு எந்தப் பக்கமாகச் சாய்ந்து போகிறது என்பதில்தான் கோட்டை விட்டேன். இத்தனைக்கும் நான் இருபத்தாறு வருஷம் சூரியனைக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கியவன்.

என் பெயர் தணிகாசலம். வயது அறுபத்தொன்று. எடை, இந்தத் தை மாதம் வரை, தொண்ணூற்று நான்கு கிலோ. கதை சொல்ல வந்தவன் எடையை எதற்குச் சொல்கிறான் என்று கேட்காதீர்கள். கடைசியில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

வெயில் மறைப்பைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூமி சுட்டுப் பொசுங்கியது, நாடுகள் எல்லாம் கூடிப் பேசின, வானத்தின் மேல்தட்டில் சுண்ணாம்புத் தூளைத் தூவி வெயிலைக் கொஞ்சம் வடிகட்டினார்கள். பலித்தது. வேலூரில் சித்திரை மாத மதியத்தில் ஜனங்கள் தெருவில் நடந்தார்கள். ஆனால் வெயிலைக் குறைத்தால் எல்லா இடத்திலும் சமமாகவா குறையும்? முன்பெல்லாம் மார்கழியிலும் தையிலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போன உறைபனி, மலைகளில் ஐப்பசியிலேயே வந்து பங்குனி வரை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. தேயிலை கருகியது. கேரட் மண்ணுக்குள்ளேயே கல்லாயிற்று.

தூளை எவ்வளவு தூவலாம் என்று கணக்குப் போட்ட பதினொரு பேரில் நானும் ஒருவன். மலைக் குடியிருப்புகளைப் பற்றிய பகுதி என்னுடையது. பகுதி என்று சொல்வதுகூட அதிகம். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "உயர்நிலக் குடியிருப்புகள் சிலவற்றில் வேளாண்மை இயலாது போகலாம். இழப்பு ஏற்கத்தக்கது." அதற்குக் கீழே என் கையெழுத்து. அந்த அறிக்கையில் ஒரு எண்கூடத் தப்பில்லை என்று என்னைப் பாராட்டி ஒரு வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். அதில் என் மனைவி கொத்தமல்லி காயப்போடுகிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த "சில" எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. மலைக்குப் போய்ப் பசுமைக் குடில் கட்டித்தரப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நம்ம வீட்டு மொட்டை மாடியில ஒரு துளசி வெச்சீங்க. அதுவே செத்துப்போச்சு. போய்ட்டு வாங்க" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்த இடத்தின் பெயர் ஆறாம் நம்பர். கோத்தகிரிக்கு மேலே ஒரு பழைய தேயிலைத் தோட்டத்தின் ஆறாவது பிரிவு. தோட்டம் போய்விட்டது, நம்பர் மட்டும் தங்கிவிட்டது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய நாற்பத்து மூன்று லைன் வீடுகள். குளிர்காலத்தில் தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்ள முடியாத மலையூர்களைச் சமவெளி முகாம்களுக்கு இறக்கிவிடுவது என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. தப்பிக்க ஒரே வழி: அடுத்த தை மாதத்து உறைபனியில், ஒரு கூரைக்குக் கீழே, முந்நூறு சதுர அடி உயிருள்ள உணவுப் பயிரைக் காட்ட வேண்டும். காட்டினால் இருக்கலாம். இல்லாவிட்டால் லாரி வரும்.

இதை எனக்குச் சொன்னவர் தவமணி. ஐம்பது வயது இருக்கும். கான்கிரீட் போடும் பெண்கள் குழுவுக்கு மேஸ்திரி. நாற்பத்து மூன்று வீடும் அவர் சொன்னால் கேட்கும்; கேட்காத வீட்டுக்கு அவரே நேரில் போவார்.

"எங்கப்பாவோட தாத்தா இங்கேருந்து சிலோனுக்குப் போனாரு, தேயிலை புடுங்க" என்றார் தவமணி, என் தட்டில் இட்லி வைத்தபடி. "எங்கப்பா பத்து வயசுல அங்கேருந்து கப்பலேறி இங்க வந்தாரு, திரும்பவும் தேயிலை புடுங்க. பொட்டி கட்டுறதுல எங்கள மிஞ்ச ஆளில்ல சார். ஆனா இனி கட்ட மாட்டோம். எம் மகளுக்குப் பொட்டி கட்டத் தெரியாது. நான் சொல்லியே தரல. நீங்க என்னா வேலை பாத்தீங்க?"

"கணக்கு வேலை" என்றேன்.

"எந்தக் கணக்கு?"

"சும்மா, ஆபீஸ் கணக்கு."

நெஞ்சு கூசியது. ஆனால் அப்போதும் மூன்றாவது இட்லிக்குத் தட்டை நீட்டினேன். அந்தக் குளிரில் மாவு புளிக்காமல் இட்லி கல் மாதிரி இருந்தது. நீட்டத்தான் செய்தேன்.

திட்டம் இதுதான். சிமெண்ட் வாங்க வழியில்லை, இருந்தாலும் அது என் திட்டத்துக்கு ஒத்துவராது. எனவே மண். பலகை அடைத்து, அதற்குள் அரையடி அரையடியாக மண்ணைக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இடித்து இறுக்கி, இரண்டடி கனத்தில் ஒரு சுவர். அதன் மேல் சாய்த்து ஒரு கூரை, எதிரே கண்ணாடி. மண்ணோடு கலப்பதற்கு நான் ஒரு பீப்பாய் கொண்டுவந்திருந்தேன். முழுக் கதையும் அந்தப் பீப்பாய்க்குள்தான் இருந்தது.

"என்னா சார், மண்ணுல பூச்சியக் கலக்குறீங்க?" தவமணி எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பூச்சி இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர். ஆய்வுக்கூடத்துல வளர்த்தது. கோடையில வெயில் பட்டா சூட்டை வாங்கி வயித்துல வெச்சுக்கிட்டுத் தூங்கிரும். பனி வந்தா முழிச்சுக்கும். அப்புறம் அஞ்சாறு மாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா சூட்டை விடும். கூடவே கொஞ்சம் ஈரமும் விடும்."

"மாவு பொங்குறப்ப பானை வெதுவெதுன்னு இருக்குமே, அப்படியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப வெயில ஊறுகா போடப்போறீங்க."

இருபத்தாறு வருஷத்தில் எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அந்த உயிருக்கு ஆய்வுக்கூடத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒன்பது இலக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. ஆறாம் நம்பரில் சாயங்காலத்துக்குள் அது வெயில்காத்தான் ஆகிவிட்டது.

மாசிக் கடைசியில் வேலை ஆரம்பித்தது. அறுபத்தாறு அடி நீளச் சுவர். வீட்டுக்கு ஒன்றரை அடி பொறுப்பு என்று நான் தாளில் பிரித்துக் கொடுத்தேன். சுவரில் தங்கள் ஒன்றரை அடியை ஒவ்வொரு வீடும் கரியால் கோடு கிழித்து வைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் திமிசு கோட்டைத் தாண்டி விழுந்தால் சண்டை வந்தது. எல்லைத் தகராறு தீர்க்கும் வேலையையும் நான் பார்த்தேன். பிரித்து முடித்த பிறகுதான் நாற்பத்து மூன்று வீட்டுக்குக் கொடுத்ததுபோகக் கிழக்கு முனையில் ஒன்றரை அடி மிஞ்சுகிறது என்பது தெரிந்தது. கணக்கில் புலி! யாரோ அதையும் இடித்து இறுக்கிவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

மண் பதம் பார்க்கும் வேலையை அவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதாது, உடையாமல் அப்பிக்கொண்டால் அதிகம். நான் போட்ட உருண்டை என் செருப்பில் அப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு என்னை மண்ணைத் தொட விடவில்லை. பலகைக்குத் தெற்கே, குடில் வரப்போகும் உள்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, "சார், நீங்க ஒக்காந்து பாத்துக்கங்க" என்றார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன். திமிசு விழும் சத்தம் தொப்பென்று இருப்பது மாறி, கல்லில் விழுந்ததுபோல் கணீரென்று கேட்டால் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதை மட்டும் காதால் கேட்டுத் தலையாட்டினேன்.

இரண்டு விஷயத்தில் அவர்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

முதலாவது நவதானியம். பூமி பூஜை அன்று ஈசான மூலைக் குழியில் மஞ்சளோடும் நவதானியத்தோடும் ஒரு பொட்டலம் போட்டார்கள். சரி என்றேன். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரியும் முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டு வந்து நின்றாள். அவரவர் சுவருக்கு அவரவர் பிடி போட வேண்டுமாம்.

"கூடவே கூடாது" என்று ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். "விதை ஊறினா உப்பும். சுவர் வெடிச்சிரும். மூலையில போட்டீங்கல்ல, அது போதும்."

"ஒரு மூலையில போட்டா அந்த மூலை வீட்டுக்குத்தான சார் ஆகும்? மத்த வீடெல்லாம் என்னா பாவம் பண்ணுச்சு?"

"தவமணிம்மா, இது அறிவியல்."

"சரிங்க சார்" என்றார் தவமணி. அவ்வளவு எளிதாக அவர் எதற்கும் சரி என்று சொன்னதில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாவது திசை. என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. குளிர் நாடுகளில் இப்படிப்பட்ட குடில்களை எப்படிக் கட்டுவது என்று படம் போட்டு விளக்கும் தடிப் புத்தகம். மண்சுவர் வடக்கே, கண்ணாடி தெற்கே, வடபாதி கூரை வெயில் புகாமல் கனமாக. தெற்கிலிருந்து வரும் வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து சுவரின் உள்முகத்தில் விழும். படத்தில் அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தது.

தவமணி படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "சார், மார்கழி தையில வெயில் தெக்கால சாயும், சரி. ஆனா நீங்க சூட்டைப் புடிக்கப்போறது சித்திரை, வைகாசி, ஆனிலல்ல? அப்ப வெயில் வடக்காலல்ல சாஞ்சு வரும்? ஆனி மாசம் எங்க வீட்டு வடக்குச் சன்னல்லதான் வெயிலு விழும்."

"புத்தகத்துல அப்படி இல்ல."

"எழுதுனவரு எந்த ஊரு?"

நான் ஊரைச் சொன்னேன்.

"அந்த ஊருக்காரருக்கு எங்க வீட்டுச் சன்னல் எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவங்க, பாத்துக்கங்க" என்று திமிசை எடுத்தார்.

உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கம் முழுக்க எழுதிவைத்திருக்கும் நாட்டில் பிறந்து, அந்தச் சூரியனின் கோணத்தைப் பத்தாயிரம் முறை கணினியில் போட்டுப் பார்த்தவன் நான். கண்ணைத் திறந்து ஒருமுறை அந்தச் சன்னலைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. படித்தவன் என்று ஒரு பெண்மணி சொன்னதும் உச்சி குளிர்ந்துவிட்டது.

சித்திரை பிறப்பதற்குள் சுவர் எழும்பி நின்றது. கோடை முழுவதும் வெயில் அடித்தது. சுவரின் வடக்கு முதுகில் அடித்தது. உள்பக்கம் கனமான கூரையின் நிழலில் குளுகுளுவென்று இருந்தது. நான் தினமும் உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்து, வெயில்காத்தான் சூட்டை ஆழமாக உள்ளே இழுத்துக்கொள்கிறான் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். நம்புகிறவனுக்கு எதுவும் அத்தாட்சிதான்.

சுவரின் வடபுறத்தில் காற்று வராது என்பதால் பெண்கள் அங்கே மேற்கு முனையில் தகரம் அடித்துக் குளிக்க மறைப்பு கட்டிக்கொண்டார்கள். கிழக்கே மலைச்சரிவு அடைத்துக்கொண்டதால் பின்பக்கம் போக அதுதான் வழி. அதனால் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, நானும் போனதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால், மண் கரையாமல் இருக்கச் சுவரின் முதுகு முழுக்க நாற்றங்கால் பாலித்தீன் தாளைக் கம்பு நட்டு இறக்கிக் கட்டிவிடுங்கள் என்று சொன்னேன். கட்டினார்கள். மொத்த வேலையில் நான் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

முதல் உறைபனி விழுந்தபோது குடிலுக்குள் தக்காளி, பீன்ஸ், கீரை எல்லாம் முழங்கால் உயரம் இருந்தன. மறுநாள் காலை வெந்த கீரை மாதிரி துவண்டு கிடந்தன. மறுபடி விதைத்தேன். செத்தன. மறுபடி விதைத்தேன். சுவரில் பதித்திருந்த வெப்பமானி, வெளியே எத்தனையோ உள்ளேயும் அத்தனையே காட்டியது. நான் வெப்பமானியை மாற்றினேன். அப்போதுதான், கார்த்திகை மாதக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சன்னல் ஞாபகம் வந்தது. தாளை எடுத்து ஆனி மாதச் சூரியனின் கோணத்தைப் போட்டேன். இரண்டு நிமிஷக் கணக்கு.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? வெயில்காத்தான் பிடித்த சூட்டைப் பிடித்த இடத்திலேயே வைத்திருப்பான், சுவரின் இந்தப் பக்கத்துக்கு அனுப்ப மாட்டான். அந்தப் பக்கம் பாத்தியும் இல்லை, கண்ணாடியும் இல்லை; இனி அடுத்த கோடை வரை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு அடிக்குறிப்பில் அவர்கள் விளைச்சலைக் கெடுத்தேன், ஒரு சுவரில் அவர்கள் வீட்டையும் கெடுத்துவிட்டேன்.

காலையில் தவமணியிடம் போய்ச் சொன்னேன். "நீங்க சொன்னதுதாம்மா சரி. வெயில் வடக்கால போயிருச்சு."

"தெரியும் சார். இட்லி சாப்பிடுங்க" என்றார்.

எப்படி அவரால் இவ்வளவு அமைதியாக இருக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாம் போனது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டார் போலிருக்கிறது என நினைத்துக்கொண்டேன். அந்தத் துக்கத்தோடு ஐந்து இட்லி சாப்பிட்டேன். இட்லி பஞ்சு போல இருந்தது. போன குளிர்காலத்தில் கல்லாக இருந்த இட்லி இந்தக் குளிரில் எப்படிப் பஞ்சாயிற்று என்று ஒரு விஞ்ஞானி யோசித்திருக்க வேண்டுமா இல்லையா? சட்னி நன்றாக இருக்கிறது என்றேன்.

தை பன்னிரண்டாம் தேதி அதிகாரி வந்தார். அமுதவல்லி என்று பெயர், முப்பது வயதுப் பெண். மூன்று மணி நேரம் மலை வளைவில் ஜீப்பில் வந்து முகம் வெளுத்திருந்தது. ஊரே திரண்டு நின்றது. குடிலுக்குள் அழைத்துப் போனேன். பாத்திகளில் கருகிய காம்புகள். ஒரு மூலையில் ஒரே ஒரு கீரைச் செடி மூன்று இலையோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"இது மட்டுந்தானா சார்?" என்றார் அமுதவல்லி. கோபமில்லாமல்தான் கேட்டார். அதனால் இன்னும் வலித்தது.

"இது மட்டுந்தான். தப்பு என்னுது. இவங்க ஒரு குறையும் வெக்கல. நான் சுவரைத் திருப்பிக் கட்டிட்டேன். இன்னும் ஒரே ஒரு வருஷம் குடுங்க, நான்..."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல சார்."

அவர் பேனாவைத் திறந்தார். அப்போது தவமணி முன்னால் வந்தார்.

"ஏம்மா, விடிகாலை கெளம்பிருப்பீங்க. பாத்ரூம் போகணுமா? பின்னாடி சுடுதண்ணி இருக்குது. வாங்க."

அமுதவல்லி நன்றியோடு பேனாவை மூடிவிட்டுப் பின்னாலேயே போனார். நான் செத்த பாத்திகளுக்கு நடுவில் நின்றேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம், பிறகு சிரிப்பு. பிறகு அமுதவல்லியின் குரல் தெளிவாகக் கேட்டது: "யாராவது அளக்கற டேப்பைக் கொண்டு வாங்க!"

பிறகு தவமணியின் குரல். "ஏ, எல்லாரும் சேலையச் சரி பண்ணுங்கடி. சாரும் வரட்டும்."

ஒன்பது மாதத்தில் முதல்முறையாகச் சுவரின் முதுகைப் பார்த்தேன்.

பாலித்தீன் தாளுக்குக் கீழே வெதுவெதுவென்றிருந்தது. என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டேன். சுவர் பச்சையாக இருந்தது. அடியிலிருந்து தலைக்கு மேல் வரை மண்ணைப் பிளந்துகொண்டு துவரை, மொச்சை, பாசிப்பயறு, உளுந்து, கடலை. கோதுமைத் தாள்கள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மொச்சைக்குக் கயிறு கட்டி ஏற்றிவிட்டிருந்தார்கள், காய் பிடித்திருந்தது. கரிக்கோடு கிழித்த எல்லைகள்கூட அப்படியே இருந்தன. வீட்டுக்கு ஒன்றரை அடி. சுவரின் ஓரமாக வரிசையாக நாற்பத்து மூன்று மாவுப் பானைகள்.

நான் உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தபோது, என் கண்ணில் படாத வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு அடுக்கிலும் அவரவர் பிடியைத் தூவி இடித்திருக்கிறார்கள். கோடை முழுவதும் வெயில்காத்தானோடு விதையும் தூங்கியிருக்கிறது. பனி வந்ததும் அவன் விழித்து, சூட்டையும் ஈரத்தையும் விட, எல்லாம் முளைத்துவிட்டன.

"மொதல்ல மாவுதான் சார் பொங்குச்சு" என்றார் தவமணி. "குளிக்க வந்தப்ப சொவரு சுடுதேன்னு பானையக் கொண்டாந்து வெச்சோம். பத்து நாள்ல சொவரு மொளைச்சிருச்சு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா புடுங்கச் சொல்லுவீங்க. அறிவியல்னுவீங்க."

சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

அமுதவல்லி அளந்து முடித்தார். நானூற்றுச் சொச்சம் சதுர அடி. பயிர் உயிரோடு இருக்கிறது, பாலித்தீன் தாளானாலும் மேலே கூரை இருக்கிறது. ஆனாலும் பேனா நின்றது.

"தற்செயலா வந்ததுன்னா நான் எழுத முடியாது சார். அடுத்த வருஷமும் இப்படி வரும், திட்டம் போட்டுத்தான் வடக்குப் பக்கம் வளர்த்தோம்னு கட்டினவர் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அடுத்த வருஷம் கண்ணாடியக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டிருவோம்" என்றார் தவமணி. "போடுங்க சார்."

போட்டேன். 'முழுமையாகத் திட்டமிட்டு' என்று எழுதும்போது என் காது சுட்டது. என் வாழ்க்கையில் இரண்டு கையெழுத்துகள்தான் யாருடைய தலையெழுத்தையாவது தொட்டன. முதலாவதில் ஒவ்வொரு எண்ணும் உண்மை. இரண்டாவதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை.

அமுதவல்லி பெயரைப் படித்தார். பிறகு என்னை ஜீப் வரை தனியாக நடத்திக்கொண்டு போனார்.

"அந்த அறிக்கைத் தணிகாசலமா? நாங்க காலேஜ்ல படிச்சோம்."

"ஆமா."

"இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் ஜீப் கதவைத் திறந்தார். "நான் சொல்லப்போறதில்ல. அது என் படிவத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஊர் முழுக்க மொச்சைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, என்னை மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அந்த மாலைதான் தாங்க முடியவில்லை. தவமணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தார்.

"அதுல எங்க ஊரு பேரு இருந்துச்சா?"

"இல்லம்மா. எந்த ஊர் பேரும் இல்ல. உயர்நிலக் குடியிருப்புகள் சில, அப்படின்னுதான் எழுதினேன்."

"சில" என்றார். அந்த ஒரு சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எம் புருசன் இந்தப் பனி வந்த மொத வருசமே செத்தாரு. அவரும் அந்தச் சிலவுல ஒருத்தரா?"

அவர் கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் தவமணி வீட்டிலிருந்து இட்லி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பையைக் கட்டினேன். எனக்கும் பெட்டி கட்டத் தெரியவில்லை, வேட்டி வெளியே தொங்கியது. நான்காம் நாள் காலை கதவைத் திறந்தால் தவமணி நிற்கிறார். கையில் ஒரு சொம்பு.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கீழ."

"மொதல்ல வாங்க இங்க."

சுவரின் முதுகுப் பக்கம், நாற்பத்து மூன்று வீட்டுப் பச்சையையும் தாண்டி, கிழக்கு முனைக்கு அழைத்துப் போனார். அங்கே கடைசியாக ஒரு ஒன்றரை அடி. அதிலிருந்த கொடிகள் மட்டும் தலை தொங்கி வாடிப்போயிருந்தன.

"அன்னைக்கு நீங்க பிரிச்சதுல மிஞ்சுச்சே, அது. அனாதையா விடக்கூடாதுன்னு உங்க பேருக்கு நான் இடிச்சேன். பிடியும் நாந்தான் போட்டேன். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"நியாயந்தாம்மா."

"என்னா நியாயம்? போட்டது மொளைச்சிருச்சு. புடுங்கலாம்னு மூணு நாளா வந்து நின்னேன், கை வரல. தண்ணியும் ஊத்தல. நான் ஊத்த மாட்டேன். வேற யாரும் ஊத்தக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாளுக, சொல்லல. அத நீங்கதான் சொல்லணும். வீடு வீடாப் போயி, எங்கிட்ட சொன்ன மாதிரியே நின்னு சொல்லணும். ஒரே நாள்ல சொல்லாதீங்க, ஊரே சேந்து உங்கள இங்கேயே பொதைச்சிரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு."

சொம்பை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினார். நான் குனிந்து அந்தக் கொடிகளைப் பார்த்தேன்.

"எல்லார் சுவத்துலயும் ஒன்பது தானியம் இருக்கே. என்னுதுல ஏன் கொள்ளு மட்டும்?"

"அன்னைக்கு உங்க வயித்தப் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றார் திரும்பாமலே. "எளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இதை எழுதும் இன்றைக்குப் பதினேழு வீடு முடிந்திருக்கிறது. ஆறு வீட்டில் முகத்தில் அடித்ததுபோல் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டிலிருந்து செருப்பு வந்தது, ஒற்றைச் செருப்பு, குறி தப்பிவிட்டது. நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு வீட்டில் ஒரு அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தத் தூளைத் திரும்பக் கூட்டி எடுக்க முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றேன். சரி, காபி குடிங்க என்றாள். இட்லி இன்னும் வரவில்லை. எடை எண்பத்தெட்டு.

பையை இன்னும் பிரிக்கவில்லை. தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றுகிறேன். இன்று கொள்ளு பூ விட்டிருந்தது, மஞ்சளாக, பொடிப் பொடியாக. பார்க்க எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பதினெட்டாவது வீட்டுக்குக் கிளம்பினேன்.